கடைசி மாலையின் மைக்

சாத்தூரிலிருந்து காலை ஏழு ஐம்பதுக்குக் கிளம்பும் சிவகாசிப் பேருந்தில் இசைவாணி கடைசி வரிசையில்தான் உட்காருவாள். நடுவில் இடம் காலியாக இருந்தாலும் போக மாட்டாள். ஒலிபெருக்கி அங்கேதான் தொங்குகிறது. ஓட்டுநர் முத்துக்கருப்பன் வண்டியை எடுத்த கையோடு மதுரை வானொலியைப் போட்டுவிடுவார். பட்டாசுக் கம்பெனி வேன்களுக்கு வழிவிட்டுப் பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பானுப்பிரியா பேச ஆரம்பித்திருப்பாள்.

“எக்கா, அடுப்புல பால வச்சுட்டுத்தான என்னயக் கேட்டுக்கிட்டு இருக்கீக? போயி எறக்கி வச்சுட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போயிர மாட்டேன்.”

நின்றுகொண்டு வருகிற பெண்கள் சிரிப்பார்கள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், “நெசமாவே கேஸ அமத்துனேனான்னு தெரியலயே” என்பாள். முத்துக்கருப்பன் தானே பேசியதுபோலக் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பெருமைப்படுவார். இசைவாணி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் காது முழுக்க ஒலிபெருக்கியில்தான் இருக்கும். ஒரு வார்த்தையாவது இடறுகிறாளா, ஒரு வேடிக்கையாவது எடுபடாமல் போகிறதா என்று நாலு வருடமாகக் காத்திருக்கிறாள். இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை.

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் போனில் ஆர்டர் எடுப்பது அவள் வேலை. “வணக்கம், சொல்லுங்கள், எத்தனை பிரதி வேண்டும்?” என்று அவள் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர்கள், “மேடம் சென்னையா?” என்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள். இப்போது “இல்லை, இங்கேதான்” என்று சொல்லிவிட்டுக் காலண்டர் அளவைக் கேட்பாள்.

அவளுக்கும் பானுவுக்கும் அச்சங்குளத்தில் ஒரே தெரு. இசைவாணியின் அம்மா மாரித்தாய்க்கும் பானுவின் அம்மாவுக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனி. இசைவாணியின் அப்பா சின்னச்சாமி அந்தக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். ஆறாம் வகுப்பில் இசைவாணிக்குச் சாத்தூரில் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்தது. முதல் நாளே அவள் “அங்கன வைக்கவா?” என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முடிவு செய்தாள். செய்தி வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு, கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து மூடிப் பழகி, பத்தாம் வகுப்பு வருவதற்குள் ஊர்ப் பேச்சைத் தன் நாக்கிலிருந்து துடைத்தெறிந்துவிட்டாள். வீட்டில் “அம்மா, எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்று சொன்னால் மாரித்தாய், “யாருக்குடி இந்தப் பிள்ள சேதி வாசிக்குது?” என்பாள். பானுவோ அரசுப் பள்ளியில் படித்து, தெருவில் கத்தித் திரிந்து, பேச்சு முளைத்த நாளில் எப்படிப் பேசினாளோ அப்படியே பேசிக்கொண்டிருந்தாள்.

விருதுநகருக்கு வெளியே, நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிற பல்கலைக்கழகத்தில் இருவரும் இயற்பியல் சேர்ந்தார்கள். பானுவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே இசைவாணிதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் பங்குனியில் ‘அதிர்வு’ நடக்கும். மூன்று நாள். நாற்பது ஐம்பது கல்லூரிகள் வரும். பந்தல் போடுவது, வந்தவர்களைத் தங்க வைப்பது, நடுவர்களைப் பிடிப்பது, சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது எல்லாமே மாணவர்கள். ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி. முதல் வருடம் இசைவாணிக்குக் கொடுத்த வேலை, கூட்டத்தை மறித்துக் கயிறு பிடிப்பது. கயிற்றைப் பிடித்தபடியே கடைசி மாலை நிகழ்ச்சியைப் பார்த்தாள். மூவாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில், தனியாக ஒரு பெண் மைக்கோடு நின்று, கையைத் தூக்கினால் கத்துகிறார்கள், இறக்கினால் அடங்குகிறார்கள். அந்த மைக் தனக்கு வேண்டும் என்று இசைவாணி அன்றைக்கே ஆசைப்பட்டாள். மூன்று வருடப் படிப்பில் வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கடைசி மாலையைத் தொகுத்து வழங்குபவரைத் தேர்ந்தெடுக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘வாயடைப்பு’ என்று பெயர். மதியம் ஒரு மணிக்கு, கேன்டீன் நிரம்பி வழிகிற நேரத்தில், ஒரு பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். மைக் கிடையாது. தட்டுச் சத்தமும் அரட்டையும் அடங்கி எல்லாரும் தன்னைப் பார்க்கும்படி பேச வேண்டும். யார் அதிக நேரம் கேன்டீனை வாயடைத்து வைக்கிறார்களோ மைக் அவர்களுக்கு.

மூன்றாம் வருடம் இசைவாணி பெஞ்சில் ஏறினாள். ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள். “அன்பிற்கினிய நண்பர்களே, உங்கள் பொன்னான நேரத்தில் ஒரு நிமிடம்” என்று ஆரம்பித்தாள். முன் மேசையில் இருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அழகாகப் பேசுகிறாள் என்று தெரிந்ததும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தார்கள். பின்னால் யாரோ அப்பளம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பானு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பெஞ்சின் காலருகில் நின்றிருந்தாள். தோழி பேசி முடித்தால் தொண்டைக்குக் கொடுக்க வந்தவள். அவளுக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலை இடுக்கிக்கொண்டு பக்கத்துப் பெஞ்சில் ஏறினாள்.

“ஏய்யா, அப்பளம் கேக்குற அண்ணே, ஒங்களத்தான். வாய்க்குள்ள இருக்குறத மொதல்ல முழுங்குங்க. எங்க பிள்ள ஒரு மாசமா கண்ணாடியப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்கிது. நீங்க பாட்டுக்கு ரசத்துக்கு வரிசையில நிக்கிறீக. நாளப்பின்ன ஒங்க வீட்டுப் பிள்ள நின்னா இப்படித்தான் திம்பீகளா?”

கேன்டீன் அடங்கியது. ஒரு கரண்டி கீழே விழுந்தது கேட்டது. அடுத்து சிரிப்பு வெடித்தது, மறுபடி அடங்கியது. அவள் இன்னும் என்ன சொல்லப்போகிறாள் என்று முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானு கையை நீட்டி, “இந்தா, அவதான். கேளுங்க” என்று இசைவாணியைக் காட்டினாள். எல்லாருடைய கண்ணும் இசைவாணிக்கு வந்தது. அவள் வாயில் ஒரு சொல் வரவில்லை.

விழாவின் மாணவர் தலைவன் மணிகண்டராஜ், சிவகாசி அச்சக முதலாளி வீட்டுப் பையன், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே சொன்னான். “ரெண்டு நிமிசம் பத்து செகண்டு. இதுவரைக்கும் எவனும் ஒரு நிமிசத்தத் தாண்டுனதில்ல. பானு, மைக் ஒனக்குத்தான்.”

“எனக்கா? நான் தண்ணி குடுக்கத்தான வந்தேன்” என்றாள் பானு. இசைவாணியைத் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி, நீ சொல்லு. வேணாம்னா நான் வேணாம்ங்குறேன்.”

கேன்டீன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சொல்ல முடியும்? “எடுத்துக்கோ பானு. எனக்குச் சந்தோஷம்தான்” என்றாள் இசைவாணி. மிகச் சரியான உச்சரிப்பில் சொன்னாள்.

அவளுக்குப் பின்மேடைப் பொறுப்பு கொடுத்தார்கள். யார் எப்போது மேடையேறுவது, எத்தனை மணிக்கு எது தொடங்கியது, முடிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஐந்து வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பானுவை அவளால் வெறுக்க முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பேருந்தில் பானு வழக்கம்போல அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். முறுக்கு வாங்கினால் பாதியை உடைத்துக் கையில் திணித்தாள். “அங்கன போயி என்னடி பேசுறது? பயமா இருக்குடி” என்று கேட்டாள். இசைவாணி அவளுக்கு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தாள். பானு அதை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். ஒத்திகையில் ஒரு வரியைக் கூட அதிலிருந்து சொல்லவில்லை. தன் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எது எரிந்ததென்றால், அந்தப் பேச்சு இசைவாணிக்கும் சொந்தமானதுதான். அவளும் அதே தெருவில்தான் பிறந்தாள். நாலு வருடம் பாடுபட்டு அவள் எதைத் தூர எறிந்தாளோ அதைக் கையில் வைத்துக்கொண்டு இவள் மேடையேறுகிறாள். உனக்கு வேண்டாத துணியைப் பக்கத்து வீட்டுக்காரி உடுத்திக்கொண்டு வந்து நின்று, ஊரே அவளை அழகி என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கடைசி மாலையில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு கோடை விடுமுறைகளில் அவர்கள் இருவரும் அம்மாக்களோடு அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி அடைக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே தனித்தனிச் சிறிய அறைகள்; செட்டு என்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செட்டுக்குள் வெடிமருந்து இருக்கிறது. அதனால் தூரத்தில் ஓர் இடி கேட்டாலும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கேட் பக்கம் வெட்டவெளியில் நிற்க வேண்டும். போர்மேன் கருப்பணன் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: “கையில உள்ளதக் கீழ வைங்க. ஓடக் கூடாது. சோடியக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க.” ஒவ்வொருத்திக்கும் ஒரு சோடி உண்டு. சோடி இல்லாமல் கேட்டுக்கு வந்தால் வசவு. இடி ஓய்ந்து போர்மேன் சொல்கிறவரைக்கும் எவளும் திரும்பி உள்ளே போகக் கூடாது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகிய மாதிரி. இடி என்றால் கால் தானாக வாசலுக்குப் போகும். பானுவின் சோடி இசைவாணி.

விழாவின் மூன்றாம் நாள், சனிக்கிழமை. நாலு மணிக்கே அரங்கம் நிரம்பிவிட்டது. இடம் கிடைக்காதவர்களுக்காக மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பானு மாரித்தாயின் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை உடுத்தியிருந்தாள். இசைவாணியைக் கேட்காமல் மாரித்தாயே எடுத்துக் கொடுத்தது. ஐந்தரைக்குள் கூட்டம் பானுவின் கைக்குள் வந்துவிட்டது. மேடையின் ஓரக் கதவருகே இசைவாணி அட்டையும் பேனாவுமாக நின்றாள். அட்டையில் செருகிய தாளில் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பானு அடுத்த குழுவை அழைக்க வாயெடுத்தாள். மின்சாரம் போய் ஒலிபெருக்கியெல்லாம் ஊமையாயிற்று. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் அந்த ஒரு கணத்தில் இடி கேட்டது. தூரத்து இடிதான், ஆனால் தெளிவாகக் கேட்டது.

விளக்கு வந்தது. பானு மைக்கை வாயருகில் கொண்டுபோனாள். அவள் முகம் வேறு முகமாக இருந்தது.

“கையில உள்ளதக் கீழ வைங்க. ஓடக் கூடாது. சோடியக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க.”

சொல்லிவிட்டு மைக்கை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை உதறினாள்.

இதுவும் வேடிக்கை என்று நினைத்துப் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதியில் ஒரு கூட்டம் எழுந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, வரிசைக்கு ஐந்து பேர், எட்டுப் பேர் என்று, எழுநூறு எண்ணூறு பேர் சத்தமில்லாமல் எழுந்தார்கள். செருப்புகளை நாற்காலிக்கு அடியிலேயே விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார்கள். வரிசையாக வாசலுக்கு நடந்தார்கள். யார் யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்லாமலே அரங்கத்துக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஓரக் கதவைத் தாண்டும்போது பானு, “ஏட்டி இசை, வா” என்றாள். வருவாள் என்ற நம்பிக்கையில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

இசைவாணி குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது காலில் செருப்பு இல்லை. எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை.

மணிகண்டராஜ் ஓடி வந்தான். “இது நீ எழுதிக் குடுத்ததா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்குப் போறாங்க எல்லாரும்? கூட்டம் கலஞ்சா அம்புட்டுத்தான். இசை, நீ போயி ஏதாச்சும் பேசேன்.” மேசையிலிருந்த மைக்கை எடுத்து அவள் கையில் வைத்தான். அது பானுவின் கைச்சூட்டோடு இருந்தது.

ஐந்து நாற்பத்திரண்டு. பழக்கதோஷத்தில் தாளில் குறித்துவிட்டு ஒற்றைச் செருப்போடு மேடைக்குப் போனாள்.

“அன்பான பார்வையாளர்களே” என்றாள். உட்கார்ந்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் அவளைப் பார்த்தார்கள். கேன்டீனைப் போல இல்லை, ஒருவர் கூடத் தட்டைக் குனிந்து பார்க்கவில்லை. “வானமும் நம் விழாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறது” என்றாள். கைதட்டினார்கள். ஊமை நாடகக் குழுவைப் பற்றிச் சொன்னாள், கைதட்டினார்கள். விருந்தினர்களுக்கு நன்றி சொன்னாள். குரல் எங்கேயும் பிசிறவில்லை. இரண்டு வருடம் மனதுக்குள் பேசிப் பார்த்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

திறந்து கிடந்த பக்கக் கதவுகளின் வழியே மைதானம் தெரிந்தது. மரமில்லாத பொட்டல்; அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மழை தூறியதும் வராந்தாவுக்கு ஒதுங்கிவிட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் இரும்பு விளக்குக் கம்பங்கள். நடுவில் எண்ணூறு பேர் சோடி சோடியாகக் கைகோத்து நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் மின்னியது.

இசைவாணிக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமாவது நன்றாகத் தெரியும். போன பருவத்தில் மின்னியல் தாளில் தவறிப்போன பானுவுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். மின்னும்போது வெட்டவெளியில் நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. இந்த அரங்கத்தின் கூரையில் இடிதாங்கி இருக்கிறது. அதன் செம்புப் பட்டை அவள் நின்றிருந்த ஓரக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் இறங்குகிறது. உள்ளே இருப்பதுதான் பத்திரம். மைதானத்து ஒலிபெருக்கியும் வேலை செய்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

சொன்னால் எல்லாரும் உள்ளே வருவார்கள். முதலில் பானு வருவாள்.

இந்த அறிமுகம் முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது. அடுத்த அறிவிப்பும் முடியட்டும் என்று நினைத்தாள். மறுபடி மின்னியபோது அவள் கதவுப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைதட்டல் சத்தத்தில் அடுத்த இடி கேட்கவில்லை.

ஓரக் கதவு வழியாக மாம்பழ நிறச் சேலை நனைந்து ஒட்டிக்கொள்ள, வெறுங்காலோடு பானு ஓடி வந்தாள். நேரே மேடைக்கு வந்து இசைவாணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். மைக் இருவர் முகத்துக்கும் நடுவில் இருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

“ஏட்டி, என்னத்தடி பண்ணிக்கிட்டு இருக்க? தலைய எண்ணுனேன், ஒன்னய மட்டும் காணோம். வெளிய வா.”

“விடு பானு. நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.”

“பேச்சு பெறகு பேசுவ. சோடி இல்லாம நான் மட்டும் அங்கன எப்படி நிக்கிறது? இடி நேரத்துல உள்ள வந்து ஒன்னயத் தேட வச்சுட்டியே, பாவி.”

பானு மணிக்கட்டை விடாமல் வாசல் பக்கம் இழுத்தாள். உள்ளே வந்தால் செத்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது இசைவாணிக்கு அப்போது உறைத்தது. அவள் வாயில் ஆறாம் வகுப்போடு போன பேச்சு வந்தது.

“ஏ லூசு, இங்க மருந்து இல்லடி. இது செட்டு கிடையாது. இங்கன என்ன இருக்கு வெடிக்கிறதுக்கு? வெளியதான்டி விழுகும். ஒனக்கு எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்.”

பானு அரங்கத்தைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள், காகிதத் தோரணத்தைப் பார்த்தாள். “ஆமால்ல” என்றாள். “இங்க மருந்து இல்ல.”

மூவாயிரத்தில் மிச்சமிருந்தவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.

இசைவாணி மைக்கை வாயருகில் கொண்டுபோனாள். “மைதானத்தில் இருப்பவர்கள் அனைவரும் தயவுசெய்து உடனடியாக அரங்கத்துக்குள் வரவும்” என்றாள். ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கச் சொன்னது. ஒருத்தர் அசையவில்லை. இடி ஓயாமல் உள்ளே போகக் கூடாது. போகச் சொல்கிறவர் போர்மேனாக இருக்க வேண்டும். இது யாரோ செய்தி வாசிக்கிற குரல். இரண்டாவது முறை சொன்னாள். நனைந்துகொண்டே நின்றார்கள். மேற்கு மூலைக் கம்பத்துக்குப் பின்னால் வானம் வெள்ளையாகக் கிழிந்தது.

“நீ சொல்லு” என்று இசைவாணி மைக்கை நீட்டினாள். “ஒஞ்சொல்லுக்குத்தான் வருவாக.”

பானு வாங்கினாள். “மக்கா, எல்லாரும் திரும்பி உள்ள வாங்க. சோடியக் கூட்டிக்கிட்டு வாங்க. இங்க மருந்து கிடையாது. நாந்தான் மறந்துட்டேன்.”

எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் சிரித்த சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. வரிசையாக உள்ளே வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இசைவாணி ஓரக் கதவுக்குத் திரும்பி வந்து தாளை எடுத்தாள். மைக்கைப் பானுவின் கையில் கொடுத்த நேரத்தைக் குறித்தாள்: ஐந்து நாற்பத்தாறு.

அதற்குப் பிறகு அந்த மைக் அவள் கைக்கு வரவேயில்லை.

மணிகண்டராஜ் தேடி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நல்லவேள, ஒனக்காச்சும் ஒறச்சுது. எனக்கு இடியே நெனப்பு வரல.” யாரோ எடுத்த காணொளி மறுநாளே எல்லா ஊர்க் கைப்பேசிகளிலும் ஓடியது. எண்ணூறு பேர் எழுந்து போவதும், இருவரும் மேடையில் சண்டை போடுவதும், ‘நாந்தான் மறந்துட்டேன்’ என்பதும் அதில் இருந்தன. நடுவில் இருந்த நாலு நிமிடத்தை, ஒருத்தி அழகாக அறிவிப்புச் செய்கிறாள், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் மதுரை வானொலியில் பானுவைக் கூப்பிட்டார்கள். பானு மதுரைக்குப் போன பிறகு இசைவாணி அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மாரித்தாயும் பார்த்தாள். கம்பெனி வேனில் வரும்போது யாரோ காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாள். “அந்தப் பிள்ள திரும்பி உள்ள வந்துச்சு பாத்தியா? பத்தொம்பது வருசமா வேலைக்குப் போறேன். இடி நேரத்துல சோடியத் தேடித் திரும்பி உள்ள வந்தவள நான் பாத்ததே இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “அது கூப்பிட்டப்பவே நீ ஏன் போகல?” என்று கேட்டாள்.

“வெளியேதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும் அம்மா.”

“தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாம்ல” என்றாள் மாரித்தாய். வேறு எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தத் தாள் இன்னும் இசைவாணியிடம் இருக்கிறது. சான்றிதழ்கள் வைத்திருக்கிற பைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிறாள். அதில் இருக்கிற அந்த நாலு நிமிடம் யாரும் கேட்காத, யாருக்கும் தெரியாத கணக்கு. தப்பாகத் தெரிந்தவள் உயிரை விடத் தயாராக உள்ளே ஓடி வந்தாள்; சரியாகத் தெரிந்தவள் நின்று நன்றியுரை வாசித்தாள். மைக்கும் வானொலி வேலையும் பானுவுக்குப் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஓட்டமும் பானுவுக்கே கிடைத்தது என்பதில்தான் இப்போதெல்லாம் அவளுக்கு அதிகம் எரிகிறது.

இன்றைக்குக் காலையில் வானொலியில் ‘ஒங்க சோடி யாரு’ என்று ஒரு பேச்சு. ஒருவர் மாற்றி ஒருவராக வானொலிக்குப் போன் போட்டுத் தங்கள் சிநேகிதர்களைப் பற்றிச் சொன்னார்கள். பேருந்து சிவகாசியை நெருங்கியபோது பானு தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். முத்துக்கருப்பன் சத்தத்தைக் கூட்டினார்.

“எங்க இசை மட்டும் அன்னிக்கு மைக்க எங்கையில குடுக்காம இருந்திருந்தா, எத்தன தாயி வயித்துல அடிச்சிருப்பாக. நாந்தான் மடச்சி. அவ ஒரு செகண்டு கூட யோசிக்கலக்கா. டக்குன்னு குடுத்துட்டா. இசைவாணி, நீ எங்கன இருந்தாலும் நல்லா இருக்கணும்டி.”

இசைவாணி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் தூக்குவாளியை மடியில் வைத்திருந்த இருளம்மாள், தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள், தினமும் அதே வரிசையில் வருகிறவள், முழங்கையால் இடித்தாள்.

“ஏம்மா, ஒம்பேரும் இசைவாணிதான? அது நீயா?”

“இல்லைங்க” என்றாள் அவள். “அது வேறு யாரோ.”

இருளம்மாள் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். “அதான பாத்தேன்” என்று தூக்குவாளியைச் சரியாக வைத்துக்கொண்டாள். “நீ மெட்ராஸ் பிள்ள கணக்காவுல்ல பேசுற.”